"நினைப்பு எங்கம்மா இருக்கு?": ரங்கூனிலிருந்து ஒரு கடிதமும் என் பதிலும்

எழுதியவர் யாரென்று தெரியாமல் இருக்க ஒன்றிரண்டு விவரங்களை மாற்றியிருக்கிறேன். மற்றபடி விஷயம் இதுதான்.

அவருக்கு 36 வயது. மண்டலேயில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். 2025 மார்ச் 28 நிலநடுக்கத்தில் வீட்டின் பின்சுவர் சரிந்துவிட்டது. அடுத்த மாதமே கணவரோடும் மகனோடும் ரங்கூனுக்கு, மாமியார் வீட்டுக்கு வந்துவிட்டார். இங்கே ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதுகிறார். கணக்கில் புலி என்று பெயர் எடுத்தவர், இரண்டு மாதத்தில் மூன்று பெரிய தப்பு செய்திருக்கிறார். கடைசித் தப்பில் ஒரு சுழியம் கூடிப்போய், 12 லட்சம் கியாட் 1 கோடியே 20 லட்சமாகிவிட்டது. முதலாளி நல்லவேளையாகப் பார்த்துவிட்டார், ஆனால் அவர் நிமிர்ந்து பார்த்த பார்வை இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது என்கிறார். இரவில் தெருவில் லாரி போனால் எழுந்து உட்கார்ந்துகொள்கிறார். தூக்கம் மூன்று மணி நேரம்தான். மருத்துவர் இரண்டு மாத்திரை எழுதிக்கொடுத்து ஒன்றரை மாதமாகச் சாப்பிடுகிறார். கூட வேலை செய்யும் மூத்த பர்மியப் பெண் ஒருவர், "உனக்கு ததி இல்லை, அதுதான் நோய். பத்து நாள் தியான முகாமுக்கு வா, மாத்திரையெல்லாம் தூக்கிப் போடலாம்" என்கிறார். கணவரோ, அது புத்தமதச் சமாச்சாரம், நம் தமிழில் அப்படி ஒரு வார்த்தையே கிடையாது, கண்ணை மூடி உட்கார்ந்தால் இருக்கிற புத்தியும் போய்விடும் என்கிறார். வீட்டிலேயே உட்கார்ந்து பார்த்ததில் பத்து எண்ணுவதற்குள் மனம் ஓடிவிட்டதாம், அதனால் "நான் இதிலும் தோற்றுவிட்டேன்" என்று எழுதியிருக்கிறார். ததி என்றால் தமிழில் என்ன, கவனம்தானே? முகாமுக்குப் போகலாமா? திங்கட்கிழமையிலிருந்து மாத்திரையை நிறுத்தலாமா? இவ்வளவுதான் கேள்விகள். கடைசியில், நாலே வரியில், 9 வயது மகனைப் பற்றியும் சொல்லியிருக்கிறார். அதற்கும் வருகிறேன்.

தங்கச்சி, நாலு பக்கக் கடிதத்தில் "கவனம்" என்ற சொல் 17 இடத்தில் வருகிறது, எண்ணிப் பார்த்தேன். ஓரிரு இடம் தவிர மற்ற எல்லா இடத்திலும் பக்கத்திலேயே "எனக்கு இல்லை" என்றும் வருகிறது. அந்த "இல்லை"தான் தப்பு. ஆனால் முதலில் அவசரமான ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

மாத்திரையை நிறுத்தாதீர்கள்

திங்கட்கிழமையும் வேண்டாம், வேறெந்தக் கிழமையும் வேண்டாம், நீங்களாக நிறுத்த வேண்டாம். நான் மனநல ஆலோசகர், மருந்து எழுதும் மருத்துவர் இல்லை. ஆனால் திடீரென்று நிறுத்தியவர்கள் என் முன்னால் வந்து உட்கார்ந்ததை நிறையப் பார்த்திருக்கிறேன். தூக்க மாத்திரைகளில் சில வகையை ஒரேயடியாக விட்டால், போன தூக்கமின்மை இரட்டிப்பாகத் திரும்பி வரும், கை நடுக்கம், படபடப்பு, சிலருக்கு வலிப்புகூட வரலாம். மனச்சோர்வு மாத்திரையை விட்டால் தலைசுற்றல், எரிச்சல், காரணமில்லாத அழுகை. அப்போது நீங்கள் என்ன நினைப்பீர்கள்? "பார், மாத்திரை இல்லாமல் நான் ஒன்றுமில்லை" என்றுதான். குறைப்பது என்றால் அந்த மருத்துவரே கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பார். "நிறுத்த ஆசையாக இருக்கிறது, எப்போது முடியும்?" என்று அவரிடம் நேராகக் கேளுங்கள், அதைக் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. உங்கள் தோழி நல்ல மனதோடுதான் சொல்கிறார், சந்தேகமில்லை. ஆனால் தியானம் சொல்லித்தரும் ஆசிரியர்களே மருந்தை விட்டுவிட்டு வா என்று சொல்வதில்லை.

உங்களிடம் குறைவாக இருப்பது கவனம் இல்லை

லாரி போனால் எழுந்து உட்காருகிறீர்கள். மின்விசிறி ஆடினால் சுவரைப் பார்க்கிறீர்கள். கடையில் உட்கார்ந்தால் கதவுப் பக்கமாகத்தான் உட்காருகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். இவ்வளவும் செய்கிறவரைக் கவனமில்லாதவர் என்று எப்படிச் சொல்வது? உங்கள் உடம்பு அன்றைக்கு மதியம் 12.50க்குக் காவலுக்கு நின்றது, இன்னும் இறங்கவில்லை.

தமிழில் எச்சரிக்கையாக இருப்பதற்கு ஜாக்கிரதை என்கிறோம். அது வடமொழியில் விழித்திருப்பதைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. அதாவது ஜாக்கிரதையாக இருப்பவர் தூங்காதவர். நீங்கள் சொல்லின் நேர்ப் பொருளிலேயே ஜாக்கிரதையாக இருக்கிறீர்கள், இரவு மூன்று மணிக்கும்! உஷார் பாரசீகத்திலிருந்து உருது வழியாக வந்தது. ஹோஷ் என்றால் உணர்வு, சுதாரிப்பு, அது கலையாமல் இருப்பவர் ஹோஷியார். இதுவும் காவல்காரனின் சொல்தான். ராத்திரி முழுக்கக் காவல் நின்றவனிடம் காலையில் பேரேட்டைக் கொடுத்து சுழியத்தை எண்ணச் சொன்னால் என்ன ஆகும்? ஒன்று கூடத்தான் செய்யும். இதைக் குணக்கேடு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பெரிய ஆபத்துக்குப் பிறகு பலருக்கு வருகிற நிலை இது, பெயரும் உண்டு, சிகிச்சையும் உண்டு. ஆனால் பெயர் வைக்கும் வேலையைக் கடிதத்தில் செய்ய மாட்டேன், அது நேரில் பார்க்கும் மருத்துவரின் வேலை.

அவரிடம் நிலநடுக்கத்தைப் பற்றிச் சொன்னீர்களா? கடிதத்தைப் பார்த்தால் "தூக்கம் வரலை" என்று மட்டும் சொன்னதுபோல் இருக்கிறது. சொல்லுங்கள். ரத்தசோகை, தைராய்டு இரண்டையும் பார்த்துவிடச் சொல்லுங்கள், அவையும் இப்படித்தான் ஆளை மந்தமாக்கும். சின்ன வயதிலிருந்தே கவனம் சிதறும் கோளாறாக இருக்குமோ என்று கைப்பேசியில் எதையோ படித்துவிட்டுப் பயந்திருக்கிறீர்கள். அது வந்தால் பள்ளிக்கூட வயதிலேயே, 12 வயதுக்குள்ளேயே தடம் தெரியும். 35 வயதுவரை கணக்கில் புலியாக இருந்துவிட்டு 36இல் திடீரென்று முளைக்காது.

சரி, ததி என்றால் என்ன?

நீங்கள் இதைக் கடைசிக் கேள்வியாக, சும்மா கேட்பதுபோல் கேட்டிருக்கிறீர்கள். எனக்கென்னவோ இதுதான் கடிதத்தின் முதல் கேள்வி.

கவனத்திலிருந்தே தொடங்கலாம். அந்தச் சொல் கமனம் என்ற வடசொல்லின் வழியே வந்தது. கமனம் என்றால் போவது, நடப்பது. தெலுங்கில் இன்றைக்கும் கமனம் நகர்வையும் குறிக்கும், கமனிஞ்சு என்றால் கவனி. கன்னடத்தில் கமன என்றால் கவனம். அதாவது மனம் ஓரிடத்துக்குப் போவதுதான் கவனம். நீங்கள் அதை ஆணி அடித்து நிறுத்துவது என்று நினைத்துக்கொண்டு, போகிற மனதைப் பார்த்துத் தோற்றுவிட்டேன் என்கிறீர்கள். போகாத மனம் எதையும் கவனிக்காதே தங்கச்சி.

இப்போது ததி. புத்தமத நூல்கள் எழுதப்பட்ட பாலி மொழியில் சதி. (நம் சதித்திட்டத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, சிரிக்காதீர்கள்.) அதையே பர்மியர் ததி என்று உச்சரிக்கிறார்கள். வடமொழியில் இதுவே ஸ்மிருதி. வேரின் பொருள் நினைப்பது, ஞாபகம் வைப்பது. கூர்ந்து பார்ப்பது என்ற பொருளெல்லாம் பிறகு வந்து சேர்ந்ததுதான். நீங்கள் என்னைவிட நன்றாகப் பர்மியம் பேசுவீர்கள், நீங்களே வரிசையாகச் சொல்லிப் பாருங்கள். ததி தா என்றால் ஜாக்கிரதை, நேர்ப்பொருள் ததியை வை. ததி பே என்றால் எச்சரிப்பது, ஞாபகப்படுத்துவது. ததி மே என்றால் மயங்கி விழுவது, அதாவது ததியை மறப்பது. ததி யா என்றால் ஞாபகம் வருவது, ஊரில் இருக்கும் அம்மாவிடம் போனில் "உங்க நினைப்பாவே இருக்கு" என்பதற்கும் அதே ததி யாதான்.

இந்த நாலில் மூன்று வேலையைத் தமிழில் ஒரே சொல் செய்கிறது. மயங்கினால் நினைவு தப்பியது, தெளிந்தால் நினைவு திரும்பியது. பழசு ஞாபகம் வந்தால் நினைவு வந்தது. பிரிந்தவருக்காக ஏங்கினால் அவர் நினைப்பாகவே இருக்கிறது. நாலாவதும் நம்மிடம் இருக்கிறது, அதைத்தான் உங்கள் மாமியார் தினமும் கேட்கிறார்: "நினைப்பு எங்கம்மா இருக்கு?" தமிழில் அப்படி ஒரு வார்த்தையே கிடையாது என்று உங்கள் கணவர் சொல்வது அவருடைய அம்மாவின் வாயிலேயே பொய்யாகிறது. ததி என்றால் நினைப்பு.

பழைய நூல்களைப் புரட்டினால் இன்னும் நெருக்கமாகக் கிடைக்கும். காதலைப் பாடும் பாட்டுக்கு இலக்கணம் சொல்லும் அகப்பொருள் உரைகளில் ஆண்மகனின் நாலு குணமாக அறிவு, நிறை, ஓர்ப்பு, கடைப்பிடி என்று வரும். அங்கே கடைப்பிடி என்பதற்குக் கொண்ட பொருளை மறவாமை என்று விளக்கம். (பெண்ணுக்கு நாணம், மடம், அச்சம், பயிர்ப்பு என்று ஒதுக்கிவிட்டார்கள். கணக்கு எழுதுகிறவர் நீங்கள், மறவாமை உங்களுக்குத்தான் வேண்டும், அது வேறு சண்டை.) புத்தரின் எட்டு வழியில் ஏழாவது இந்தச் சதிதான், அதைத் தமிழில் நற்கடைப்பிடி என்றுதான் பெயர்த்தார்கள். திருக்குறளில் பொச்சாவாமை என்று ஓர் அதிகாரமே இருக்கிறது, 54ஆவது. பொச்சாப்பு என்றால் மறதி, சோர்வு. அந்த அதிகாரத்தின் கடைசிக் குறள்: "உள்ளியது எய்தல் எளிதுமன் மற்றுந்தான் உள்ளியது உள்ளப் பெறின்." நினைத்ததை அடைவது எளிது, நினைத்ததை மறுபடி மறுபடி நினைக்க முடிந்தால். மனம் ஓடாமல் இருந்தால் என்று வள்ளுவர் சொல்லவில்லை, மறுபடி நினைக்க முடிந்தால் என்கிறார்.

ஒரு சொல்லை மட்டும் கூடுதலாகச் சொல்லிவிடுகிறேன், எனக்குப் பிடித்தது. என் பாட்டி ராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்தவர், வாசலைத் தாண்டும்போதெல்லாம் "சூதானமா போ" என்பார். சூதானம் சாவதானம் என்பதன் திரிபு, அவதானத்தோடு இருப்பது. ஆனால் அதே சாவதானம் இன்னொரு பக்கம் போய், அவசரமில்லாமல், ஆற அமர என்ற பொருளில் நிற்கிறது. "சாவதானமா வர்றான் பார்" என்று திட்டுவோமே. ஒரே சொல் ஒரு கிளையில் கவனம், மற்றொரு கிளையில் நிதானம்! உங்களுக்கு இப்போது வேண்டியது இந்தச் சொல்தான், ஜாக்கிரதை போதும்.

உங்கள் தொழிலிலிருந்தே ஓர் உவமை

மிலிந்தன் என்ற யவன ராஜா நாகசேனர் என்ற பிக்குவிடம் கேள்வி கேட்கும் பழைய நூல் ஒன்று உண்டு. இங்கே பர்மாவில் அதைப் புத்தமத மறைநூலான திரிபிடகத்திலேயே சேர்த்து வைத்திருக்கிறார்கள். சதியின் இலக்கணம் என்ன என்று ராஜா கேட்கிறான். நாகசேனர் சொல்லும் உவமை ராஜாவின் பொக்கிஷக்காரர். காலையிலும் மாலையிலும் ராஜா முன்னால் வந்து, மகாராஜா, உங்களிடம் யானை இத்தனை, குதிரை இத்தனை, பொன் இத்தனை, நினைவிருக்கட்டும் என்று சொல்வாராம். அதுதான் சதியின் வேலை. ராஜா மறப்பான் என்பது அந்த வேலையிலேயே அடக்கம், மறக்காத ராஜாவுக்குப் பொக்கிஷக்காரர் எதற்கு? மனம் ஓடியதைக் கண்டுபிடித்தீர்களே, பத்து எண்ணுவதற்குள் ஓடிவிட்டது என்று எழுதினீர்களே, அந்தக் கண்டுபிடித்த நொடிதான் ததி. அது வந்த இடத்தைத் தோல்வி என்று குறித்துவைத்திருக்கிறீர்கள். வரவைச் செலவுப் பக்கத்தில் எழுதிவிட்டீர்கள்.

1947இல் ரங்கூனில் தொடங்கிய மகாசி தியான மையத்தில் சொல்லித்தரும் முறையும் இதுதான். வயிறு எழுவதையும் அடங்குவதையும் பார்க்கச் சொல்வார்கள். மனம் வேறெங்காவது போனால் திட்டிக்கொள்ளாமல் "நினைக்கிறது, நினைக்கிறது" என்று குறித்துவிட்டுத் திரும்பச் சொல்வார்கள்.

முகாமுக்குப் போகலாமா?

உங்கள் கணவரின் பயத்தில் மதம் ஒரு பாதி. அதற்கு ஒரு பதில் இருக்கிறது. இந்தப் பத்து நாள் தியான முகாம்களைப் பல நாடுகளில் பரப்பிய கோயங்கா என்ற பெயரைக் கேட்டிருப்பீர்கள். 1924இல் உங்கள் மண்டலேயில் பிறந்த இந்திய வியாபாரி, இந்துக் குடும்பம். தீராத ஒற்றைத் தலைவலிக்காக 1955இல் ஊ பா கின் என்ற தியான ஆசிரியரிடம் போனார். அந்த ஊ பா கின் துறவியும் அல்ல, பர்மா அரசின் தலைமைக் கணக்காயர், உங்கள் தொழில்காரர். கோயங்காவுக்கும் முதலில் இதே தயக்கம்தான், தன் மதத்தை விட்டுவிடச் சொல்வார்களோ என்று. காளி கோயிலுக்கு வெள்ளிக்கிழமை போவதை நீங்கள் நிறுத்த வேண்டியதில்லை.

மற்ற பாதியில் அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. கண்ணை மூடினால் புத்தி போய்விடாது, ஆனால் இப்போது உங்களுக்குப் பத்து நாள் முகாம் வேண்டாம் என்பதுதான் என் கருத்தும். காலை 4 மணிக்கு மணி அடிக்கும், நாள் முழுக்கப் பேச்சு கிடையாது, போனை வாங்கி வைத்துவிடுவார்கள், பத்து மணி நேரத்துக்குக் குறையாமல் உட்கார வேண்டும். உடம்பு தேறியவருக்கு அது நல்ல அனுபவம். மூன்று மணி நேரம் தூங்குகிறவருக்கு, கண்ணை மூடினால் இடியும் சுவர் தெரிகிறவருக்கு, பேச ஆளில்லாத பத்து நாள் ஆபத்தாகலாம். சிலருக்குப் பழைய பயம் மொத்தமாகக் கிளம்பிவிடும். தூக்கம் தொடர்ந்து சில மாதம் ஆறு மணி நேரமாவது வரட்டும், மருத்துவரும் சரி என்று சொல்லட்டும், அப்புறம் போங்கள். போகும்போது விண்ணப்பத்தில் நோய், மாத்திரை பற்றிக் கேட்பார்கள், மறைக்காமல் எழுதுங்கள். முடியவில்லை என்றால் நடுவில் ஆசிரியரிடம் சொல்லிவிட்டுக் கிளம்பி வரலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அதுவரை வீட்டில் ஐந்து நிமிடம் போதும். கண்ணைத் திறந்துகொண்டே, கதவைப் பார்த்து உட்கார்ந்தாலும் பரவாயில்லை. பாதம் தரையில் இருப்பதை நினையுங்கள், ஓடினால் "போச்சு" என்று சொல்லிவிட்டுத் திரும்பி வாருங்கள். பயம் ஏறினால் அன்றைக்கு அத்தோடு நிறுத்திவிட்டு எழுந்து வெங்காயம் நறுக்குங்கள், அதுவும் நல்ல பயிற்சிதான்.

கடையில் என்ன சொல்வது?

நோயின் பெயரை முதலாளியிடம் சொல்லித்தான் ஆக வேண்டும் என்று இல்லை. தூக்கக்கோளாறுக்கு மருத்துவம் பார்க்கிறேன், இரண்டு மாதத்துக்குப் பெரிய தொகைகளை இன்னொருவரும் ஒரு தடவை பார்க்கட்டும் என்று நீங்களே முன்னால் போய்க் கேளுங்கள். தப்பு நடந்த பிறகு சொல்வதைவிட அது கௌரவமாக இருக்கும். ஓய்வு தேவைப்பட்டால் 1951ஆம் ஆண்டின் விடுமுறைச் சட்டத்தில் ஆண்டுக்கு 30 நாள்வரை மருத்துவ விடுப்பு இருக்கிறது, ஆறு மாதம் வேலை பார்த்திருந்தால் சம்பளத்தோடு. மருத்துவரின் சான்று வேண்டும். ஆனால் ஒரேயடியாக வேலையை விட்டுவிடலாமா என்ற யோசனையை மட்டும் இந்த மாதம் தள்ளி வையுங்கள். தூக்கமில்லாத மனம் எடுக்கும் முடிவுக்கும் ஒரு சுழியம் கூடிப்போகும்.

மகனைப் பற்றி

"டீச்சர் கவனமில்லை என்கிறார், நானும் கவனம் கவனம் என்று கத்தி, போன வாரம் அடித்துவிட்டேன், அழுதது நான்தான்" என்று எழுதியிருக்கிறீர்கள். அடித்ததற்கு அவனிடம் மன்னிப்புக் கேளுங்கள். பெற்றவர்கள் கேட்கக் கூடாது என்று ஒன்றும் இல்லை. அப்புறம் இதை யோசித்துப் பாருங்கள்: நிலநடுக்கத்தன்று வீட்டில் நீங்கள் மட்டும் இல்லை. கோடை விடுமுறை, அவனும் வீட்டில்தான் இருந்தான், 8 வயது. சுவர் விழுந்ததை நீங்கள் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பீர்கள். அவன் யாரிடமாவது சொன்னானா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

அடுத்த தடவை புத்தகத்தை விரித்துவைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தால் கத்த வேண்டாம். பக்கத்தில் போய் உட்கார்ந்து, மாமியார் கேட்கும் அதே கேள்வியைத் திட்டாமல், உண்மையிலேயே தெரிந்துகொள்வதற்காகக் கேளுங்கள். நினைப்பு எங்கேப்பா போயிருக்கு? ஜன்னலுக்கு வெளியே பந்து விளையாடுகிறார்கள் என்று சொன்னால் நிம்மதி. மண்டலே வீடு என்று சொன்னால் அவனையும் மருத்துவரிடம் கூட்டிப் போகலாம். எதுவானாலும் அவன் சொன்ன பதிலை எனக்கு எழுதுங்கள்.